ஸ்பிரிங்க்ளர் பெட்டிக்கு நேரம் மட்டும்தான் தெரியும்

திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பலர் முன்பக்கம் கொஞ்சம் புல்தரை, ஓரத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ என்று வைத்துவிட்டு, தானாகத் தண்ணீர் பாய ஸ்பிரிங்க்ளரும் ஒரு கன்ட்ரோலர் பெட்டியும் மாட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இது நல்ல உதவி. ஆனால் மாட்டிக் கொடுத்தவர் அன்றைக்கு வைத்துவிட்டுப் போன நேரம்தான் சித்திரைக்கும், அதே நேரம்தான் ஐப்பசிக்கும். கொட்டுகிற மழையில் ஸ்பிரிங்க்ளர் ஓடும். ஆனி, ஆடிக் காற்றில் புல் காய்ந்து கிடக்கும். பழி முழுவதும் பெட்டி மேல் விழும்.

நான் பார்த்தவரையில் பெட்டி பழுதாவது குறைவு. அது எப்படி யோசிக்கிறது என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் பெரும்பாலும் சிக்கல். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் ஏ.சி.யாகக் குறைக்கிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒயர்கள் போகின்றன. எல்லா வால்வுக்கும் பொதுவாக ஒரு ஒயர், அப்புறம் வால்வு ஒன்றுக்கு ஒரு ஒயர். வால்வின் தலையில் சோலனாய்டு என்ற கம்பிச்சுருள் இருக்கும். 24 வோல்ட் கிடைத்ததும் அது ஒரு சின்ன ஊசியை மேலே இழுக்கும். ஊசி விலகியதும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரத்தின் மேற்பக்க அழுத்தம் குறையும், கீழிருந்து வரும் தண்ணீரே ரப்பரைத் தூக்கிக்கொண்டு வழிவிடும். வால்வைத் திறப்பது உண்மையில் தண்ணீரின் அழுத்தம்தான், மின்சாரம் சைகை மட்டும் காட்டுகிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு வால்வில் இருந்து தண்ணீர் வாங்கும் ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்டேஷன். தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்கும் அளவுக்கு வீட்டு மோட்டாரில் தண்ணீர் வராது என்பதால்தான் இந்தப் பிரிவு. தாமிரபரணிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பாளையங்கால்வாயில் வரும் தண்ணீரை எல்லா வயலுக்கும் ஒன்றாகத் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துபோகும். நீர்பாய்ச்சி ஒரு மடையைத் திறந்து, வயல் நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்த மடைக்குப் போவார். கன்ட்ரோலர் செய்வதும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், நீர்பாய்ச்சி வயலைப் பார்த்து முடிவு செய்வார், பெட்டி கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யும். மண் ஈரமா, காற்று அடிக்கிறதா, நேற்று மழை பெய்ததா என்பது எதுவும் அதற்குத் தெரியாது.

மூன்று கேள்விகள், ஒரு குழப்பம்

எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அது நம்மிடம் கேட்பது மூன்றே கேள்விகள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டேஷனும் எத்தனை நிமிஷம் ஓட வேண்டும். இந்த மூன்றுக்கும் நாம் தரும் பதில்களின் தொகுப்புக்குப் பெயர் புரோகிராம். ஏ, பி, சி என்று இரண்டோ மூன்றோ புரோகிராம்கள் இருக்கும். புல்தரைக்கு ஏ, செடிகளுக்கு பி, தென்னைக்கு சி என்று ஒதுக்கலாம். ஒன்று மட்டும் போதும் என்றால் மற்ற இரண்டிலும் தொடக்க நேரம் எதுவும் இல்லாமல் காலியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் இருந்து வரும்போதே சில பெட்டிகளில் ஏதோ ஒரு நேரம் போட்டு வைத்திருப்பார்கள்.

எல்லாரும் தடுமாறும் இடம் தொடக்க நேரம். எங்கள் தெருவில் ஒருவர் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"பொட்டி சரியில்ல அண்ணாச்சி. காலையில அஞ்சு மணிக்கு வச்சா ஒம்போது மணி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு. புல்லுல கால வச்சா பொதபொதன்னு உள்ள போவுது."

போய்ப் பார்த்தால் பெட்டி சொன்னதைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அவர் தோட்டத்தில் நாலு ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிஷம். அவர் முதல் ஸ்டேஷனுக்கு 5:00, இரண்டாவதுக்கு 5:15, மூன்றாவதுக்கு 5:30, நான்காவதுக்கு 5:45 என்று நினைத்து நாலு தொடக்க நேரங்களைப் போட்டிருந்தார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தொடக்க நேரம் ஸ்டேஷனுக்கு உரியது கிடையாது, புரோகிராமுக்கு உரியது. 5:00 என்று ஒன்றே ஒன்று போட்டால் போதும். முதல் ஸ்டேஷன் 15 நிமிஷம் ஓடி முடித்ததும் இரண்டாவது தானாகத் தொடங்கும், 6 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். நாலு நேரம் போட்டால் நாலு ஸ்டேஷனும் சேர்ந்த முழுச் சுற்று நாலு தடவை. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் அடுத்த தொடக்கம் வரிசையில் காத்திருக்கும். ஆக 5 மணிக்குத் தொடங்கி 9 மணி வரை, தேவைக்கு நாலு மடங்கு தண்ணீர். அவருக்கு நான் செய்து கொடுத்தது மூன்று தொடக்க நேரங்களை அழித்தது மட்டும்தான்.

அப்படியென்றால் நாலு தொடக்க நேரம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? அதற்கு நல்ல பயன் உண்டு. அது புரிய மண்ணுக்குப் போக வேண்டும்.

எத்தனை நிமிஷம் என்பதற்கு மண்தான் பதில் சொல்லும்

நம் பகுதி மண் ஊருக்கு ஊர் மாறும். சங்கரன்கோவில், மானூர், கயத்தாறு பக்கம் கரிசல். பாளையங்கோட்டையைச் சுற்றியும் ராதாபுரம் வரையிலும் செம்மண் நிறைய. ஆற்றங்கரையில் வண்டல். திசையன்விளை தாண்டினால் தேரிமணல் என்ற சிவப்பு மணல். ஒரு வீட்டுக்குப் பொருந்தும் நிமிஷக் கணக்கை அப்படியே எடுத்து இன்னொரு வீட்டில் போட முடியாததற்கு இதுதான் காரணம். கரிசல் போன்ற களிமண் ஒரு மணி நேரத்தில் 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே வாங்கும். மணல் 30 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது.

மில்லிமீட்டர் கணக்கு சிரமமில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர், ஆக ஒரு சென்ட் புல்தரைக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 200 லிட்டர். நம் ஊர் வெயிலில் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். குடும்பத்துக்குக் குடிநீர் லாரி கூப்பிட்டவர்களுக்கு இந்த 200 லிட்டரின் மதிப்பு தெரியும். அதனால்தான் கணக்கு பார்த்துப் பாய்ச்சச் சொல்கிறேன்.

உங்கள் ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு பொழிகிறது என்று கண்டுபிடிக்க ஒரே மாதிரியான, பக்கங்கள் நேராக இருக்கும் டப்பாக்கள் ஏழெட்டு போதும். புல்தரையில் அங்கங்கே வைத்து, 15 நிமிஷம் ஓட்டி, ஸ்கேல் விட்டு அளந்து சராசரி எடுங்கள். 10 மில்லிமீட்டர் வந்தால் மணிக்கு 40. நிலையாக நின்று விசிறியடிக்கும் ஸ்பிரே தலைகள் ஏறக்குறைய இந்த அளவுதான் பொழியும். சுற்றிச் சுற்றி அடிக்கும் ரோட்டர் வகை மணிக்கு 10 முதல் 15 தான் தரும். இரண்டு வகையையும் ஒரே ஸ்டேஷனில் மாட்டினால் ஒரு பக்கம் சேறாகும், இன்னொரு பக்கம் காயும். எந்த நிமிஷம் வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. டப்பாக்களுக்குள் அளவு பெரிதாக வேறுபட்டால் நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை) அடைத்திருக்கிறது, அல்லது இடைவெளி அதிகம். ஒரு தலையில் இருந்து வீசும் தண்ணீர் அடுத்த தலையைத் தொட வேண்டும், அதுதான் சரியான இடைவெளி.

இப்போது தொடக்க நேரத்துக்குத் திரும்புவோம். கரிசலில் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மில்லிமீட்டர் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரே தலையில் அது 15 நிமிஷம். ஒரே மூச்சில் ஓட்டினால் மண் குடிப்பதற்குள் தண்ணீர் வழிந்து தெருவுக்குப் போய்விடும். அதற்குப் பதில் ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம் வைத்து, 4:00, 4:45, 5:30 என்று மூன்று தொடக்க நேரம் போடுங்கள். நாலு ஸ்டேஷனும் சேர்ந்து ஒரு சுற்று 20 நிமிஷம், அடுத்த சுற்று வருவதற்குள் ஒவ்வொரு இடத்துக்கும் 40 நிமிஷம் ஊற நேரம் கிடைக்கும். மொத்தத் தண்ணீர் அதே 10 மில்லிமீட்டர்தான், ஆனால் முழுவதும் வேருக்குப் போகும். எங்கள் தெருக்காரர் தோட்டத்தைக் கெடுத்த அதே வசதி இங்கே காப்பாற்றுகிறது. தேரிமணலில் இந்தப் பிரிப்பு தேவையில்லை. அங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும், ஒரே நாளில் அதிகம் ஊற்றினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

மணி எது என்று கேட்டால், விடியுமுன் 4 மணியில் இருந்து 6 மணிக்குள் என்பேன். அப்போது காற்று அடங்கியிருக்கும், வெயிலில் ஆவியாவதும் இல்லை. சாயங்காலம் பாய்ச்சினால் ராத்திரி முழுக்க இலை ஈரமாகக் கிடந்து பூஞ்சைநோய் வரும்.

காற்றும் மழையும்

வெளியூர்க்காரர்கள் எழுதிய கையேடுகளில் இல்லாத ஒன்று நம் காற்று. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வைகாசிக் கடைசியில் இருந்து புரட்டாசி வரை அடிக்கும் காற்று சாதாரணமானதில்லை. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும், தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கயத்தாறில் சோதனை நிலையம் வைத்திருப்பதும் அதனால்தான். குற்றாலத்தில் சாரல் கட்டும் அதே நாட்களில், மலைக்குக் கிழக்கே பாளையங்கோட்டையில் மேகம் மட்டும் ஓடும், மழை வராது, காற்று மட்டும் மண்ணை உலர்த்திக்கொண்டே இருக்கும். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, இனி தண்ணீரைக் குறைக்கலாம் என்று இந்த மாதங்களில் நினைத்தால் புல் போய்விடும்.

காற்று இன்னொரு வகையிலும் தண்ணீரைத் தின்கிறது. ஸ்பிரே தலையில் அழுத்தம் அதிகமானால் தண்ணீர் புகைபோலப் பறக்கும். காற்றில் அந்தப் புகை பக்கத்து வீட்டு மதிலுக்குத்தான் போகும். ஆகவே ஆடி மாதத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, பெரிய துளியாக விழும்படி செய்வது நல்லது. புதிதாக மாட்டுகிறவர்கள் திறந்த வெளியில் ரோட்டர் வகையையே யோசிக்கலாம்.

பெட்டியில் பருவச் சரிக்கட்டல் என்று சதவீதத்தில் ஒரு அமைப்பு இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், பெட்டியில் இருக்கும் வசதிகளிலேயே மிகப் பயனுள்ளது அதுதான். கடும் தேவைக்கான நிமிஷங்களை 100 சதவீதத்துக்கு வைத்துவிட்டால், மார்கழி, தை மாதங்களில் அதை 60, 70க்கு இறக்கினால் போதும், எல்லா ஸ்டேஷன் நிமிஷமும் சேர்ந்தே குறையும். ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. சித்திரை பிறக்கும்போது ஒரு தடவை, ஐப்பசி பிறக்கும்போது ஒரு தடவை, தையில் ஒரு தடவை என்று கை வைத்தால் வருஷம் ஓடிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பெட்டியை ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள். ஆஃப் என்றால் பதிவான நேரங்கள் அழியாது, ஓடாமல் இருக்கும், அவ்வளவுதான். மழை சென்சார் மாட்டியிருந்தால் இதை அது ஓரளவு பார்த்துக்கொள்ளும். அதற்குள் இருக்கும் தக்கை வில்லைகள் ஈரத்தில் ஊதி ஒரு சுவிட்சை அழுத்தும், பொது ஒயரின் இணைப்பு அறுந்து வால்வுகள் திறக்காது, வில்லைகள் காய்ந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். சென்சாரைக் கூரைச் சரிவுக்குக் கீழேயும் மாட்டக் கூடாது, ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் படும் இடத்திலும் மாட்டக் கூடாது. வானம் நேராகத் தெரிய வேண்டும்.

பெட்டியையும் நெஞ்சு உயரத்துக்குக் குறையாமல் மாட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையை ஒட்டி இருந்த எந்த மின்சாதனமும் அப்படியொரு நாளில் தப்பாது.

மின்தடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் பெரும்பாலான பெட்டிகளில் நேர அமைப்புகள் அழியாது. ஆனால் உள்ளே பேட்டரி இல்லாவிட்டாலோ தீர்ந்துவிட்டாலோ கடிகாரம் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் தடை என்றால் மறுநாள் காலை 4 மணித் தண்ணீர் 6 மணிக்கு வரும். வருஷத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்றுவதோடு இந்தத் தொல்லை முடிந்தது. தடையின்போது விட்டுப்போன ஸ்டேஷனைப் பெட்டி தானாகத் திரும்ப ஓட்டாது, நாம்தான் மேனுவல் நிலையில் வைத்து ஓட்ட வேண்டும். காலை, மாலை குழப்பத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மாலை 4 மணிக்கு ஸ்பிரிங்க்ளர் ஓடினால் காரணம் அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

டயாபிரத்தைத் தண்ணீரின் அழுத்தம்தான் தூக்குகிறது என்று சொன்னேன். மொட்டைமாடித் தொட்டியில் இருந்து நேராக வால்வுக்குக் குழாய் இழுத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 பார் அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். ஸ்பிரே தலைக்கு 2 பார் தேவை. வால்வே சில சமயம் திறக்காது, திறந்தால் மூடாது. தொட்டித் தண்ணீர் மட்டும்தான் வழி என்றால் குழாயில் திருகும் பேட்டரி டைமரில், அழுத்தம் இல்லாமலும் திறக்கும் பந்து வால்வு வகையைக் கேட்டு வாங்கி, ஸ்பிரிங்க்ளரை மறந்துவிட்டுச் சொட்டுநீர் போடுவதே சரி. மாடித்தோட்டத்துக்கும் அதுவே பொருந்தும்.

போர் மோட்டாரில் இருந்து நேராக ஓட்டும்போது பெட்டியே மோட்டாரையும் ஆன் செய்யலாம். அதற்குத் தனி முனை உண்டு. ஆனால் அந்த முனையில் வருவது 24 வோல்ட் சைகைதான். அது ரிலே என்ற சின்ன சுவிட்சை இயக்கி, ரிலே கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இயக்கி, கான்டாக்டர்தான் மோட்டாருக்குக் கரண்ட் தர வேண்டும். மோட்டார் ஒயரைப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் பெட்டி எரியும், ஆளுக்கும் ஆபத்து. இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்தும் கருவியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கோடையில் போர் இறங்கும் ஊர் நம்முடையது.

ஒரு ஸ்டேஷனில் எத்தனை தலை மாட்டலாம் என்பதற்கு வாளி போதும். 20 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 40 லிட்டர். 15 அடி வீசும் ஸ்பிரே நாசில் முழு வட்டத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 14 லிட்டர் எடுக்கும், அரை வட்டத்துக்கு 7, கால் வட்டத்துக்கு 3.5. அழுத்தம் கூடும்போது மோட்டார் தரும் அளவு குறையும் என்பதால் வாளிக் கணக்கில் கால் பங்கையாவது ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் தலைகளைக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன மோட்டாருக்கு அரை வட்டத் தலை நாலுக்கு மேல் வேண்டாம்.

நம் போர்த் தண்ணீரின் உப்பு நாசிலில் வெள்ளையாகப் படியும். மோட்டாருக்கு அடுத்து ஒரு டிஸ்க் ஃபில்டர் போட்டு மாதம் ஒருமுறை கழுவினால் மணல் தொல்லை போகும், உப்பு போகாது. உப்புக்கு நாசிலைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்தத் தலை மட்டும் அதிகமாகப் பொழியும்.

ஓடாவிட்டால்

எந்த ஸ்டேஷனும் ஓடவில்லை என்றால் முதலில் மழை சென்சாரையும் பொது ஒயரையும் பாருங்கள். சென்சாரைத் தற்காலிகமாக விலக்கப் பெட்டியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் ஓடவில்லை என்றால், வால்வின் சோலனாய்டைக் கையால் கால் சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் வந்துவிட்டால் வால்வும் குழாயும் சரி, குறை மின்பக்கத்தில். பெட்டியை அணைத்துவிட்டு அந்த ஸ்டேஷன் ஒயருக்கும் பொது ஒயருக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 20 முதல் 60 வரை காட்டினால் சோலனாய்டு நல்ல நிலையில் இருக்கிறது. அளவே காட்டாவிட்டால் எங்கோ ஒயரோ கம்பிச்சுருளோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஸ்டேஷன் ஒன்று மூடாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் டயாபிரத்துக்கு அடியில் மணல் சிக்கியிருக்கும், திறந்து கழுவினால் சரியாகிவிடும்.

அறுந்த ஒயர் என்றால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வால்வுக் குழிக்குள் இருக்கும் இணைப்புதான். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் விட்ட இணைப்பு இரண்டு மழைக்குள் பச்சை பூத்து அரித்துவிடும். கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பான் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. அது இல்லாமல் குழியை மூட விடாதீர்கள். எலி கடித்த ஒயரும் அங்கேதான் அகப்படும். பெட்டிக்குள் ஒயர் நுழையும் துளையையும் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் உள்ளே குடிபோய்விடும். பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட்டான சர்க்யூட் போர்டுக்கு வாரண்டியை நம்பியிருக்க முடியாது.